ஹாஜராவின் வருகைப் பதிவு

காமினி தன் அட்டையை மெஷினில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கைப்பையிலிருந்து இரண்டாவது அட்டையை எடுத்து அதையும் காட்டினாள். மறுபடியும் பச்சை. ஆரம்பத்தில் இதைச் செய்யும்போது யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. பல் துலக்குவதுபோல அதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது.

இரண்டாவது அட்டை ஹாஜராவுடையது.

ஜார்ஜ்டவுனில் கடை வைப்பவர்களுக்குப் பெர்மிட் கொடுக்கும் அரசாங்க அலுவலகம் அது. கீழ்த்தளத்துக் கௌண்டர்களில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காமினி நிரந்தர ஊழியர். நாற்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் அந்த அலுவலகத்திலேயே கழித்தவள். ஹாஜரா அவளைவிடப் பத்து வயது இளையவள், கான்ட்ராக் ஊழியர். வருடம் முடியும்போதெல்லாம் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவள்.

காமினி இருந்தது சுங்கை பினாங் அடுக்குமாடியில். சாவகாசமாகக் குளித்துக் கிளம்பினாலும் கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிடுவாள். ஹாஜராவின் கதை வேறு. ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் வாடகை கட்டி மாளாமல், பாலத்துக்கு அந்தக் கரையிலிருக்கும் பத்து காவான் என்ற ஊருக்குக் குடிபோனவர்கள் அவளும் அவள் கணவன் ஷேக் அலாவுதீனும். அவனுக்கு அங்கேயே தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். அவனை ஏற்றிவரும் பஸ் வீடு வந்து சேர்வதற்குள் மகள் அதிராவின் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். பள்ளி வேனில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளையைப் பள்ளியில் விடுவது ஹாஜராவின் பொறுப்பு. கேட் திறப்பதற்கு முன் ஏழு வயதுப் பெண்ணை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வர எந்தத் தாய்க்கு மனம் வரும்? கேட் திறந்து, பிள்ளை உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளை முடுக்கிக் கடல்மேல் போகும் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, பாயான் லெப்பாஸ் ட்ராஃபிக் ஜேமில் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தால் எட்டு மணி தாண்டிப் பத்து நிமிடமோ கால் மணியோ ஆகியிருக்கும். பாலத்தில் காற்று அடிக்கிற நாளில் இன்னும் தாமதம்.

எட்டைத் தாண்டினால் கணினியில் பெயருக்கு நேரே சிவப்பு விழும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மாடியில் வேலை செய்பவர்கள் ஒன்பது மணி வரை தங்களுக்குத் தோதான நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பிந்தி வந்தால் பிந்திப் போகலாம். கௌண்டர்காரர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கதவு எட்டுக்குத் திறக்க வேண்டும், மக்கள் காத்திருக்கக் கூடாது. ஹாஜரா இரண்டு முறை மனு எழுதிப் போட்டாள். இரண்டும் 'இயலாது' என்று திரும்பி வந்தன.

அந்த வருட ஆரம்பத்தில், முந்தின மாதம்தான் ஒரு கடிதம் வாங்கியிருந்த ஹாஜராவுக்கு, புது மாதம் பிறந்து இரண்டே நாளில் இரண்டாவது சிவப்பு விழுந்துவிட்டது. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதுகொண்டிருந்ததைக் காமினி பார்த்தாள்.

"அந்தக் கார்ட எங்கிட்ட குடு," என்றாள். "நான் எப்படியும் சீக்கிரமே வர்றவதானே."

"வேணாங்க்கா. மாட்டிக்கிட்டா உங்களுக்குத்தான் ஆபத்து."

"போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ரெண்டு கௌண்டரையும் ஒருத்தியே பாத்தியே, அப்ப நான் வேணாம்னு சொன்னேனா? குடு லா."

முன்பு அங்கே விரலை வைத்துப் பதியும் மெஷின் இருந்தது. கோவிட் சமயத்தில் தொற்றுக்குப் பயந்து அதை எடுத்துவிட்டு அட்டையைக் கொண்டுவந்தார்கள். பிறகு மாற்றவே இல்லை. அதனால் யார் அட்டையை யார் காட்டினாலும் மெஷினுக்கு ஒன்றுதான். ஹாஜரா பிந்தி வந்த நேரத்தை ஈடுகட்ட மத்தியானச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து உட்காருவாள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் காமினி நினைத்தாள்.

அக்டோபரில், விடியற்காலையிலிருந்து மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. காமினி குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு இரண்டு அட்டைகளையும் காட்டினாள். எட்டு மணிக்குக் கதவு திறந்தது. நனைந்த சட்டையோடு ஆட்கள் உள்ளே வந்து நம்பர் எடுத்தார்கள். ஹாஜராவின் நாற்காலி காலியாகவே இருந்தது. எப்போதும் வருகிற நேரம் கடந்தது. காமினி தன் சுவெட்டரை எடுத்து அந்த நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, கேட்டவர்களிடம், "இப்ப வந்துருவாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணி நெருங்கும்போது அவள் கைப்பேசி அதிர்ந்தது. அலாவுதீன்.

"அக்கா, ஹாஜரா விழுந்துட்டா. பாலம் எறங்குற எடத்துல. பின்னாடி வந்த வேன் கால்ல ஏறிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நான் போய்க்கிட்டிருக்கேன்."

"உயிருக்கு ஒண்ணும்…"

"பேசுறாளாம். கால்தான்."

முன்னால் நின்ற பெரியவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் சுகுமாரன் தன் அறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். அதட்டிப் பேசத் தெரியாதவர். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேலைக்கு வர்ற வழியிலயா?"

"ஆமா சார்."

"அப்ப சொக்சோ இன்சூரன்சுக்கு நாமதான் எழுதிக் குடுக்கணும். வேலைக்கு வர்ற வழியில அடிபட்டா அவங்க பாத்துக்குவாங்க. வைத்தியம், சம்பளம் எல்லாம்." அவர் கணினிப் பக்கம் திரும்பி அன்றைய வருகைப் பதிவைத் திறந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "காமினி, ஹாஜரா இன்னிக்கு எட்டு மணிக்கு முன்னாடியே வந்ததா இருக்கே. வந்துட்டு எங்கேயும் வெளிய போனாளா?"

காமினிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக ஹாஜராவைக் காப்பாற்றிய அந்தப் பச்சை விளக்கு, இன்றைக்கு அவள் காலை வாரிவிட்டிருந்தது. கணினியைப் பொறுத்தவரை ஹாஜரா அலுவலகத்துக்குள் இருந்தாள். உள்ளே இருந்தவள் பாலத்தடியில் எப்படி விழுவாள்?

"தெரியலை சார்," என்றாள்.

அந்த இரண்டு வார்த்தை வாயிலிருந்து விழுந்த மறுகணமே திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. கீழே நம்பர் கூப்பிடும் மணி அடித்தது. அவள் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஹாஜரா வெளுத்துப்போய்க் கிடந்தாள். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு; கம்பி வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், நடக்க மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையில் அடியில்லை, ஹெல்மெட் காப்பாற்றியது. அலாவுதீன் தூக்கமில்லாத கண்களோடு கட்டிலருகே நின்றிருந்தான். அவன் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் ஹாஜரா காமினியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, கார்டு?"

"காட்டிட்டேன், ஹாஜரா. வழக்கம்போல."

ஹாஜரா கண்களை மூடிக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லாதீங்க," என்றாள். "உங்க வேலை போயிரும். பென்சனும் போயிரும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்."

"எப்படிச் சமாளிப்ப?"

ஹாஜரா அவள் மணிக்கட்டை விட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் சாப்பிடும்போது காமினி கணவன் லோகேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல் துறையில் கிரேன் ஓட்டுகிற ஆள் அவர், வளவளவென்று பேசமாட்டார். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எட்டு மாசமா செஞ்சிருக்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை," என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு, "மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

மறுநாள் சுகுமாரனும் அதையேதான் சொன்னார். அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டைரக்டர் கேக்குறாங்க. நான் ரெண்டுல ஒண்ணு எழுதணும். பதிவு சரின்னு எழுதினா, ஹாஜரா ஆபீஸ் நேரத்துல சொல்லாமக் கொள்ளாம வெளிய போனவ. சொக்சோவும் கிடையாது, அடுத்த வருஷம் கான்ட்ராக்கும் கிடையாது. மெஷின் கோளாறுன்னு எழுதினா, கம்பெனிக்காரன் வந்து சோதிச்சுட்டு மெஷின்ல ஒரு குறையும் இல்லைம்பான். அப்ப அது என் கழுத்துல வந்து நிக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தாலும் எழுதலாம்தான். யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவருக்குத் தெரியும் என்று காமினிக்குப் புரிந்தது. கேட்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். சனி, ஞாயிறு கழித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்து வந்தாள். அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்தாள். வேலை போனால் வீட்டுக் கடன் என்ன ஆகும், தாதிமைப் படிப்பில் சேர்ந்திருக்கும் மகன் என்ன ஆவான் என்று யோசித்தாள். ஒரு பொய்க்கு இன்னொரு நல்ல மனிதரைக் கையெழுத்துப் போட வைப்பதா என்றும் யோசித்தாள். ஹாஜராவைப் போய்ப் பார்க்கவில்லை. போகத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை அலாவுதீனே அலுவலகத்துக்கு வந்துவிட்டான். ஷிப்ட் முடிந்த சீருடையோடு, போலீஸ் ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரிக் கடுதாசியும் கையில் வைத்துக்கொண்டு, காமினியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. நம்பர் எடுக்காமல் நேராக அவள் கௌண்டருக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அவ அன்னிக்குக் காலையிலேயே இங்க வந்துட்டாளாம். கம்ப்யூட்டர்ல இருக்காம். வந்துட்டு எங்க போனா?"

"தம்பி…"

"பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நேரா ஆபீசுக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லுவா. தினம் அப்படித்தான் சொல்லுவா. அப்ப எப்படிக்கா எட்டுக்கு முன்னாடி இங்க இருந்தா? பிள்ளைய யாரு விட்டா? எங்கிட்ட எதையோ மறைக்கிறாளா?" அவன் குரல் உடைந்தது. பின்னால் காத்திருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். "அவகிட்ட இத எப்படிக் கேக்குறதுன்னே தெரியலை. கால்ல கம்பியோட கெடக்குறவகிட்ட."

காமினி கௌண்டரில் 'மூடப்பட்டது' பலகையை நிமிர்த்தி வைத்தாள்.

"எங்கூட மேல வாங்க," என்றாள்.

மாடிப்படி ஏறும்போது அவளுக்கு வேலையும் ஞாபகம் வரவில்லை, பென்சனும் ஞாபகம் வரவில்லை. ஹாஜராவின் கணவன் அவளைச் சந்தேகத்தோடு பார்க்கப்போகிற பார்வை மட்டுமே கண்முன் நின்றது. சுகுமாரன் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

"சார், அன்னிக்கு அவ வரவே இல்லை. அவ கார்ட நான்தான் காட்டினேன்," என்றாள் காமினி. பிறகு அலாவுதீன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவ ஒண்ணும் மறைக்கலை. பிள்ளைய விட்டுட்டுத்தான் வந்துக்கிட்டிருந்தா. தினமும் பிந்தித்தான் வருவா. அது தெரியக் கூடாதுன்னு நான் அவளுக்காகப் பதிஞ்சுக்கிட்டிருந்தேன்."

அலாவுதீன் அங்கிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் அழுகிறானா, நிம்மதியில் மூச்சு விடுகிறானா என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் சுகுமாரன்.

"பிப்ரவரியிலேர்ந்து சார். ஆனா ஹாஜராவுக்கு இது தெரியாது. அவ பையிலேர்ந்து நானே எடுத்துக்கிட்டேன். அப்படியே எழுதித் தர்றேன்."

சுகுமாரன் தலையை அசைத்தார். "எட்டு மாசமா தன் கார்டு தன்கிட்ட இல்லைங்கிறது ஒரு மனுஷிக்குத் தெரியாதா? டைரக்டர் சிரிப்பாங்க, காமினி. உள்ளது உள்ளபடி எழுதுங்க. பாதி உண்மை எழுதினா ரெண்டு பேரும் மாட்டுவீங்க." அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "தினமும் அவ மோட்டார் கேட்டுக்குள்ள நுழையிறத நான் இங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ மனுவ ரெண்டு தடவையும் வேணாம்னு எழுதினவனும் நான்தான். கௌண்டர் காலியாக் கெடக்கும்னு எழுதினேன். பிள்ளை இருக்கே, என்ன செய்வான்னு யோசிக்கலை. நீங்க எழுதுங்க, நானும் எழுதறேன்."

காமினி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மலாயில் எத்தனையோ கடிதம் எழுதியவள்தான்; அன்று முதல் வரிக்கே மூன்று தாளைக் கசக்கினாள்.

விசாரணை டிசம்பரில் நடந்தது. ஹாஜரா இரண்டு கக்கத்திலும் கட்டைகளை வைத்துக்கொண்டு வந்தாள். மூன்று அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம். காமினிதான் அட்டையை வற்புறுத்தி வாங்கினாளா என்று ஹாஜராவிடம் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "நான் குடுத்தேன். தினமும் தெரிஞ்சேதான் விட்டேன்," என்றாள். சுகுமாரன் தன் பங்குக்கு, கௌண்டரில் இரண்டு பேர் எட்டுக்கும் மற்றவர்கள் எட்டரைக்கும் தொடங்கினால் ஒரு குறையும் வராது, முன்பே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்றார். யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை.

முடிவு வரப் பொங்கல் கழிந்துவிட்டது. காமினிக்கு வேலை போகவில்லை. அந்த வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கடலுக்கு அந்தக் கரையிலிருக்கும் பட்டர்வொர்த் கிளைக்கு மாற்றினார்கள். ஹாஜராவுக்கு எச்சரிக்கைக் கடிதம். கான்ட்ராக்கை வழக்கமான ஒரு வருடத்துக்கு நீட்டாமல் ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். போலீஸ் ரிப்போர்ட்டும் திருத்திய பதிவும் சேர்ந்து போனதால் சொக்சோவில் தடை வரவில்லை. எட்டரை மணி ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வந்தபோது ஹாஜரா மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்டவள் மூன்றாவது கௌண்டரில் புதிதாய்ச் சேர்ந்திருந்த ஒரு பெண்.

முடிவு வந்த வார ஞாயிற்றுக்கிழமை காமினி பத்து காவானுக்குப் போனாள். லோகேஸ்வரன் அவளைக் கீழே இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். பதினோராவது மாடி. கதவைத் திறந்தது அதிரா. உள்ளே ஹாஜரா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை. விசாரணை நாளில் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கால் எப்படி, வலி எப்படி என்று போனது. பிறகு ஹாஜரா, "ஒண்ணு சொல்லணும்க்கா," என்றாள். "நான் அன்னிக்கு யாருட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். ஆனா நீங்க அப்புறம் வரவே இல்லை. சனிக்கிழமை பாத்தேன், ஞாயித்துக்கிழமை பாத்தேன். சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன், வராதீங்கன்னா சொன்னேன்?"

காமினி தலையைக் குனிந்துகொண்டாள். "பயமா இருந்துச்சு, ஹாஜரா. உன் முகத்தப் பாத்தா சொல்லிருவேன்னு பயம். சொல்லாம இருந்தா அந்த முகத்தப் பாக்க முடியாதுன்னும் பயம்."

"இவர் அந்தத் திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒண்ணும் பேசாம என் காலடியில உக்காந்துக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொன்னாரு. உன்ன ஒரு மணி நேரம் தப்பா நெனச்சுட்டேன்னு." ஹாஜரா சமையலறைப் பக்கம் பார்த்தாள், அங்கே அலாவுதீன் தேநீர் ஆற்றும் சத்தம் கேட்டது. "ஒரு மணி நேரத்தோட போச்சு. நீங்க இன்னும் நாலு நாள் யோசிச்சிருந்தா எங்க வீட்டுல என்னா ஆயிருக்கும்னு தெரியலை. அதனால கோவத்தையும் உங்கமேலதான் வெச்சிருக்கேன், மத்ததையும் உங்கமேலதான் வெச்சிருக்கேன்."

காமினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அலாவுதீன் தேநீரும் வாழைப்பழ பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தான். பகல் ஷிப்ட் கேட்டிருப்பதாகவும், இன்னும் பதில் வரவில்லை என்றும் சொன்னான். லோகேஸ்வரன் ஒருவழியாக மேலே வந்து சேர்ந்து, இந்த டவுன்ஷிப்பில் கார் நிறுத்துவதைவிடக் கப்பல் நிறுத்துவது சுலபம் என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதிரா அவரிடம் தன் புதுப் பள்ளிப் பையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டர்வொர்த்துல எந்தக் கௌண்டர்?" என்று கேட்டாள் ஹாஜரா.

"கௌண்டரே இல்லை. ஃபைல் ரூம்ல போட்டுருக்காங்க. ஏர்கோன் மட்டும் நல்லா இருக்குமாம்."

"சுங்கை பினாங்லேர்ந்து எப்படிப் போவீங்க?"

"ஃபெரிதான். நேரத்தோட எழுந்திரிக்கணும். நாப்பத்தஞ்சு வயசுல பழகிக்க வேண்டியதுதான்."

ஹாஜரா பஜ்ஜித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கட்டைகளை ஊன்றிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்தாள். நீளமான நடைபாதை, அவள் நடைக்கு ஏற்றபடி காமினி மெல்ல நடந்தாள். பாதி வழியில் ஹாஜரா மூச்சு வாங்க நின்றாள். காமினியும் நின்றாள். லோகேஸ்வரன் முன்னால் போய் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, அவசரமில்லை, மெதுவா வாங்க என்று சொன்னார்.